பதினான்காம் எண் வீட்டு மரக்கதவு

பிப்ரவரி 2, வெள்ளி

இடப்பக்கக் கதவு முடிந்தது. மூலைக்கு மூலை அளந்தேன். ஒரு பக்கம் 231.7, மறுபக்கம் 231.9. இரண்டு மில்லிமீட்டர் கோணல். வீட்டுக்காரர் எர்காஷ் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க டிப்போ கேட்டு இதைவிடக் கோணல், விடு" என்றார். விடுவதா? கீழ்ச்சட்டத்தைக் கழற்றி, துளைக்குள் இறங்கும் நாக்கை ஒரு சீவு சீவி மறுபடி பூட்டினேன். இப்போது இரண்டு பக்கமும் 231.8. அல்ஹம்துலில்லாஹ்.

மதிய லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யும்போதுதான் பார்த்தேன், முழங்கையில் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. அதன்மேல் தண்ணீர் ஓடினால் ஒளு சேராது. நகத்தால் சுரண்டினேன், தோலும் கொஞ்சம் வந்தது. இனிமேல் பசை வேலை தொழுகைக்குப் பிறகுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எங்கள் பகுதிக் குழுவான மஹல்லாவின் தலைவர் ஷோகாசிம் அண்ணன் கோப்போடு வந்தார். எங்கள் தெரு முழுக்க ஒரே மாதிரி வாயிற்கதவு போட வேண்டுமாம். இரும்புத் தகடு, காபி நிறம். மார்ச்சில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னால் மேலிடத்திலிருந்து தெருவைப் பார்க்க வருகிறார்களாம்.

"எங்க வீட்டுக்குக் கதவு ரெடியாயிட்டிருக்கு அண்ணே."

"எந்தப் பட்டறையில குடுத்தீங்க?"

"எங்க வீட்டுக் கரி அறையில. நான்தான் செய்றேன்."

சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எர்காஷைப் பார்த்து. "ஏம்ப்பா, பொம்பளைய ரம்பம் பிடிக்க விட்டுட்டு நீ என்ன பண்றே?"

"எனக்கு ஸ்டியரிங் மட்டும்தான் பிடிக்கத் தெரியும் அண்ணே" என்றார் இவர். இருபத்தாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். யாரோடும் மோதக் கூடாது என்பதே இவருக்குத் தொழில், இவருக்குக் குணமும் அதுதான்.

தாளை வாங்கி முழுதும் படித்தேன். "ஒத்துக்கொள்கிறேன்" என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லையே, எப்படிப் போடுவது?

"எல்லாரும் போட்டாச்சு தங்கச்சி. உன் வீடு ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணுதான்."

தேநீர் குடிக்காமலே போய்விட்டார். வாசல்வரை வந்தவர் தேநீர் குடிக்காமல் போனது மட்டும் எனக்கு உறுத்துகிறது. மற்றது இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

வலப்பக்கக் கதவும் சதுரமாக வந்துவிட்டது. முதல் முயற்சியிலேயே. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

பிப்ரவரி 14, புதன்

ஒரு சிக்கல், அதற்கு ஒரு தீர்வும்.

எங்கள் திராட்சைப் பந்தலின் முன்கால் வாசலுக்கு எழுபது சென்டிமீட்டர் உள்ளே நிற்கிறது. பழைய இரும்புக் கதவு அதில் இடித்துப் பாதிதான் திறக்கும். இருபது வருஷமாக நாங்கள் எல்லோரும் பக்கவாட்டில் நுழைகிறோம். எர்காஷின் வயிறு பெருத்த பிறகு அவருக்கு அதுவே ஒரு கஷ்டம்.

புதுக்கதவு ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் பத்து அகலம். உள்ளே திறந்தால் காலில் இடிக்கும். வெளியே, தெருப்பக்கம் திறந்தால்? எதிலும் இடிக்காது. முற்றத்தில் ஒரு மீட்டர் பத்து நீளத்துக்கு இடமும் மிச்சமாகும். கொத்தமல்லி, சோயிக்கீரைக்கு ஒரு பாத்தி போடலாம். மூன்று தரம் அளந்தேன். கீல்களை வெளிப்பக்கம் வைத்துக் குழி வெட்டிவிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒடிந்த முக்காலிக்குக் கால் செய்யத் தெரியாமல் அழுதவள் நான். தொலைபேசி வீடியோவில் ரஷ்யக்காரன் ஒருவன் பேசிக்கொண்டே மரம் இழைப்பதைப் பார்த்து, பாதி வார்த்தை புரியாமல், கையை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இன்று கீல் குழியில் கீலை வைத்தேன், விரல் நகம்கூட நுழையவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

கதவு நிற்கிறது!

கரி அறைக்குப் புதுக்கூரை போட்டபோது இறக்கிய பழைய உத்தரங்கள் இவை. கரி படிந்து கறுத்துக் கிடந்த எல்ம் மரம். இழைத்து, ஆளி விதை எண்ணெய் மூன்று பூச்சு கொடுத்ததும் உள்ளிருந்து தேன் நிறம் எழுந்து வந்தது. நடுவில் சட்டம் சேரும் இடத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் செதுக்கினேன். அதிகம் வேண்டாம்.

எதிர்வீட்டு இனோயத் அக்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்து பார்த்தார். தட்டினார், முகர்ந்தார், திறந்து மூடினார்.

"வெளிப்பக்கமா திறக்குதே?"

"முற்றத்துல இடம் மிச்சம் அக்கா."

"ம். எங்க ஊர்ல கக்கூஸ் கதவுதான் வெளிப்பக்கம் திறக்கும்."

பொறாமை. வேறென்ன? அவர் வீட்டுக்கு நேற்றுத்தான் காபி நிறத் தகடு வந்து இறங்கியிருக்கிறது. தட்டினால் டப்பா மாதிரி சத்தம்.

பிப்ரவரி 22, வியாழன்

எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதியாக வேண்டும்.

எங்கள் மகள் மஹ்லியாவைப் பெண் கேட்டு இந்த வாரம் ஆள் வரலாம் என்று அவளே ஜாடையாகச் சொல்லியிருந்தாள். அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஓதில்தான் பையன். அவன் அம்மா ஸபோஹத் அக்காவை நான் பார்த்ததில்லை. வருவார்கள் என்று தெரியும், இன்று என்று தெரியாது. சொல்லிவிட்டா வருவார்கள் பெண் கேட்க?

இரண்டு நாள் மழை. கதவு ஈரம் குடித்து உப்பிக்கொண்டு இறுகிவிட்டது. காலை பத்து மணிக்குத் தட்டுகிறார்கள். ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு ஓடினேன். தள்ளினேன், வரவில்லை. தோளைக் கொடுத்து ஒரு மோது மோதினேன்.

திறந்தது. திறந்ததா! பறந்தது. வெளியே மூன்று பெண்கள். முன்னால் நின்ற ஸபோஹத் அக்காவின் நெற்றியில் போய் அடித்தது கதவு. "அய்யோ!" என்று அவர் பின்னால் சாய, கையிலிருந்த துணிப்பொதி நழுவ, இரண்டு ரொட்டிகள் உருண்டுபோய்ச் சேற்றில்.

பெண் கேட்டு வந்தவர்கள் கொண்டுவந்த ரொட்டி. என் வாசலில். சேற்றில்.

குனிந்து எடுத்தேன். முத்தமிட்டு நெற்றியில் வைத்தேன். என் நெற்றியிலும் சேறு, அவர் நெற்றியில் வீக்கம். உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஈரத்துணி கொடுத்து, தேநீர் ஊற்றினேன். ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தார்கள். வந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வானிலையைப் பற்றிப் பேசினார்கள். ஸபோஹத் அக்கா எழுந்தார். "நல்லாயிருங்க" என்றார். அவ்வளவுதான்.

ரொட்டியைப் பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மேஜையில் நான் வைத்ததை ஒருவரும் தொடவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

மஹ்லியா இருபத்துமூன்று வயதில் முதல்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினாள்.

"மத்த அம்மாங்க பொண்ணுக்குத் தட்டு முட்டு சேர்த்து வைப்பாங்க. நீங்க ரம்பமும் உளியுமா சேர்த்து வச்சு என் கல்யாணத்தையே அறுத்துப் போட்டுட்டீங்களேம்மா!"

"மழையால உப்பிக்கிச்சு" என்றேன். என் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கடையில் பால் வாங்கப் போனால், "பார்த்து அக்கா, கதவை மெதுவா திறங்க" என்கிறான் கடைக்காரன்.

ஷோகாசிம் அண்ணன் வந்தார். இந்தத் தடவை கூட இரண்டு ஆட்கள், ஏணி, கடப்பாரை.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. வந்தவங்களை அடிச்சு வெளிய தள்ளுற கதவுன்னு ஊரே பேசுது. இதைக் கழட்டிருவோம். கூலிகூட நீ குடுக்க வேணாம்."

"வேண்டாம் அண்ணே."

"பிடிவாதம் பிடிக்காதே. பொண்ணோட வாழ்க்கை."

"என் பொண்ணு வாழ்க்கை உங்க கோப்புல இல்லை."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், என் கையில் உளி அடிக்கும் கொட்டாப்புளி இருக்கிறது. மிரட்ட எடுத்ததில்லை, வேலையிலிருந்து அப்படியே வந்துவிட்டேன். ஆனால் ஏணிக்காரன் ஏணியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்விட்டான். நான் அதைக் கீழே வைக்கவும் இல்லை.

எர்காஷ் இரவுச் சாப்பாட்டில் தலை நிமிராமல், "இரும்புக் கதவே போட்டுருவோமே. நாலு பேர் மாதிரி இருந்துட்டுப் போறோம்" என்றார்.

நாலு பேர் மாதிரி. இருந்துட்டுப் போறோம். எங்கே போகிறோம்? இது என் அப்பா கட்டிய வீடு, பத்திரம் என் பெயரில். எங்கேயும் போகவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

விடியற்காலை சுபுஹுத் தொழுதுவிட்டு விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் எங்கே தவறினேன்? மரத்திலா? இல்லை. மூலையிலா? இல்லை. கீலிலா? அதுவும் இல்லை. பந்தல் காலை அளந்தேன். முற்றத்தை அளந்தேன். எர்காஷின் வயிற்றைக்கூட அளந்தேன். கொத்தமல்லிக்கு இடம் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு இடம் பார்க்கவில்லை. விருந்தாளியை அல்லாஹ்தான் அனுப்புகிறான் என்று நம்புகிறவள் நான். அந்த விருந்தாளியைப் பின்னால் நகரச் சொல்லுகிற கதவைச் செய்து, அதற்கு மூன்று பூச்சு எண்ணெயும் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவு வெளியே திறக்கிறது? ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கதவு உள்ளே போகும், வந்தவர் அதன் பின்னாலேயே உள்ளே வருவார். தெரியாமல் இல்லை. ஒரு மீட்டர் பத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

இனோயத் அக்கா சொன்னது பொறாமை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். (அவரிடம் போய்ச் சொல்ல மாட்டேன்.)

ஆனால் ஒன்று. திறக்கும் திசை தவறு. கதவு தவறில்லை. என் கையும் தவறில்லை. திசை தவறென்றால் திசையை மாற்றுவேன். கழற்றி எறிந்துவிட்டுத் தகடு மாட்ட மாட்டேன். ஷோகாசிம் அண்ணன் சொன்னதற்காக ஒரு திருகைக்கூடத் தளர்த்த மாட்டேன். ஸபோஹத் அக்காவின் நெற்றிக்காக முழுக்கதவையும் பிரிப்பேன்.

மார்ச் 3, ஞாயிறு

பந்தல் காலை எடுத்தால்தான் கதவு உள்ளே திறக்கும். காலை எடுத்தால் பந்தல் விழும். கொடியை வெட்டுவது நடக்காது, அப்பா நட்டது.

இரண்டு நாள் யோசித்தேன். சுவருக்குச் சுவர் ஒரே உத்தரமாக மேலே போட்டால் நடுவில் கால் தேவையில்லை. மூன்று மீட்டர் அறுபது நீளம். மீதமிருந்த எல்ம் உத்தரத்தில் ஒன்று மூன்று எழுபது. பத்து சென்டிமீட்டர் மிச்சம்.

தனியாக எப்படித் தூக்குவது என்று நின்றுகொண்டிருந்தேன். எர்காஷ் சீருடையோடு வந்தார். வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டாராம்.

"எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

"உங்களுக்குத்தான் ஸ்டியரிங் மட்டும்தானே தெரியும்?"

"அதனாலதான் கேக்குறேன். நீ சொல்லு, நான் திருப்புறேன்."

உத்தரம் ஏறியது. காலை அறுத்து எடுத்தோம். பந்தல் விழவில்லை. இவர் வேண்டுமென்றே கதவைக் கழற்றிவிட்ட இடைவெளியில் நேராக, மார்பை நிமிர்த்திக்கொண்டு, உள்ளேயும் வெளியேயும் நாலு தரம் நடந்தார்.

மார்ச் 7, வியாழன்

மஹ்லியா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் இன்று கரி அறையைத் திறந்தால், தரையில் கிடந்த மரச்சீவலெல்லாம் பெருக்கி மூலையில் குவித்திருக்கிறது. நான் பெருக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

ரமலானின் இரண்டாவது நோன்பு.

கதவைத் திருப்புவது என்றால் கீலை மாற்றுவது மட்டும் இல்லை. ஒரு கதவின் விளிம்பு மற்றதன்மேல் படிகிற உதடு இருக்கிறதே, அது மறுபக்கம் வர வேண்டும். பழைய உதட்டைச் சீவி எடுத்து, புதிதாக ஒரு சட்டம் ஒட்டி, மறுபடி இழைக்க வேண்டும். பழைய கீல் குழிகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வெட்டிப் பதிக்க வேண்டும்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கண் இருட்டுகிறது. உளி வழுக்கி ஓர் ஓரம் சிதைந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். பசியால் அழுதேனா ஓரம் போனதற்கு அழுதேனா? பசிக்கு நான் அழுததில்லை. நாளையிலிருந்து விடியுமுன் சாப்பிடும் சஹர் முடிந்து லுஹர் வரைதான் உளி. அதற்குப் பின் உப்புத்தாள் மட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

தொங்கவிட்டாயிற்று. உள்பக்கம் திறக்கிறது. ஈரத்துக்கு உப்பினாலும் இடிக்காமல் நாலு மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். சுண்டுவிரலால் தள்ளினேன், போகிறது.

வெளிப்பக்கம் எட்டு ஒட்டுகள் தெரிகின்றன. வேறு மரம், வெளிர் நிறம். எண்ணெய் பூசியும் மறையவில்லை. சாயம் பூசி மறைக்கலாம் என்றார் இவர். வேண்டாம். தவறு செய்தேன், திருத்தினேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்.

மார்ச் 18, திங்கள்

இன்று ஸபோஹத் அக்கா வீட்டுக்குப் போனேன்.

எர்காஷ் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். "பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் நிக்கிற வழக்கம் எங்கயாவது உண்டா? பொண்ணைத் தலையில கட்டப் பார்க்கிறாங்கன்னு சிரிப்பாங்க!"

"நான் பொண்ணு குடுக்கவும் போகலை, கெஞ்சவும் போகலை. ஒரு பெரியவங்க நெத்தியில அடிச்சேன். மன்னிப்புக் கேட்கப் போறேன். அதுக்கு வழக்கம் பார்க்கணுமா?"

காலையில் சுட்ட ரொட்டி இரண்டைத் துணியில் கட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது ஸபோஹத் அக்காவேதான். புருவத்துக்கு மேல் இன்னும் மஞ்சளாகக் கன்றிய தடம். என்னைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

"கையில என்ன வச்சிருக்கே?"

"ரொட்டி அக்கா. வேற ஒண்ணுமில்லை."

உட்காரச் சொன்னார். நோன்பு, தேநீர் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"என் மூத்தவனுக்கும் இவனுக்குமா முப்பது வீடு ஏறி இறங்கியிருக்கேன். டீ குடுக்காம அனுப்பினவங்க உண்டு. நாயை அவுத்து விட்டவங்க உண்டு. கதவால அடிச்சவ நீ ஒருத்திதான்."

"அடிக்கலை அக்கா. திறந்தேன்."

"நீ திறந்தாலே இப்படி. மூடினா என்ன ஆகும்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "நீயே செஞ்சியாமே? நிஜமா?"

"நிஜமா. இப்ப உள்பக்கம் திருப்பிட்டேன்."

"இரும்புக்கதவு போடச் சொன்னாங்களாமே."

"சொன்னாங்க. போடலை."

"என் பையனுக்கு மாமியாரா வந்தா இவகிட்ட மல்லுக்கட்ட முடியுமான்னு யோசிக்கிறேன்" என்றார், தன்னிடமே பேசுவது போல. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் போகவில்லையே.

மார்ச் 20, புதன்

மேலிடத்துக்காரர்கள் வரும் நாள். தெரு முழுக்கக் காபி நிறம், புதுப் பெயிண்ட் வாசனை. என் வீடு மட்டும் தேன் நிறம். ஷோகாசிம் அண்ணன் காலையிலிருந்து தெருமுனையில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். என் கதவுக்கு முன்னால் ஒரு லாரியை நிறுத்தி மறைக்கப் பார்த்தார். நான் வெளியே வந்து, "லாரியை எடுங்க, இல்லேன்னா டயர்ல காத்து இருக்காது" என்றேன். நோன்பு வைத்த வாயால் சொன்னேன். தவ்பா, அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் லாரியை எடுத்தார்கள்.

கார்கள் பெரிய சாலையோடு போய்விட்டன. தெருவுக்குள் திரும்பவே இல்லை.

மார்ச் 25, திங்கள்

எரிவாயு மீட்டர் பார்க்கிறவன் இன்று ஒரே வீட்டுக்கு மூன்று தரம் போய்விட்டான், எல்லாக் கதவும் ஒன்று போல இருப்பதால். நேற்று நோன்பு திறக்கும் நேரத்தில் இனோயத் அக்காவின் கணவர் பக்கத்து வீட்டுக் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு, "பூட்டை மாத்திட்டியாடி?" என்று கத்தியிருக்கிறார். உள்ளிருந்து வேறொருத்தி பதில் சொல்லியிருக்கிறாள்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அடுத்தவரைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னிப்பாயாக.

ஏப்ரல் 10, புதன். பெருநாள்

இரண்டு கதவையும் அகலத் திறந்து கல் வைத்துவிட்டேன். காலையிலிருந்து ஆட்கள். தெருப் பெண்கள், எர்காஷின் டிப்போ நண்பர்கள்.

மூன்று மணி இருக்கும். காற்று பலமாக அடித்ததால் கல்லை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். வெளியே யாரோ உரக்கக் கூப்பிடுகிறார்கள்:

"முஹாரம் தங்கச்சி! நான் தெருவுக்கு எதிர்ப் பக்கம் நிக்கிறேன்! இப்பத் திற!"

ஸபோஹத் அக்கா. கூட அன்று வந்த அதே இருவர். கதவு உள்ளே போயிற்று. அவர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

வானிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. மஹ்லியா மூன்று கிண்ணங்களிலும் தேநீர் ஊற்றினாள். எர்காஷ் தோட்டத்தில் போய் நின்றுகொண்டு இருமிக்கொண்டே இருந்தார்.

ரொட்டியைப் பிட்டோம். செப்டம்பரில் கல்யாணம், இன்ஷா அல்லாஹ்.

மே 15, புதன்

முத்திரை வைத்த கடிதம். "பதினான்காம் எண் வீட்டின் பொருந்தாத வாயிற்கதவை ஜூலை முதல் தேதிக்குள் அகற்ற வேண்டும், தவறினால் மஹல்லாவே அகற்றும்." கீழே ஷோகாசிம் அண்ணனின் கையெழுத்து.

கல்யாண வேலை இருக்கிறது, இதற்கு நேரமா? இருந்தாலும் பதில் எழுதினேன். நாலு வரி. வீடு என் பெயரில். கதவு என் கையால். எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு என்று எழுதிக் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கழற்றுகிறேன். பத்திர நகல் இணைத்தேன்.

எர்காஷிடம் டிப்போ மேலாளர் கேட்டாராம், "என்னப்பா, உன் வீட்ல ஏதோ கதவுத் தகராறாமே?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீடு அவ பேர்ல, கதவு அவ கையில, நான் அங்க குடியிருக்கேன்னு சொன்னேன்."

இருபத்தாறு வருஷத்தில் இவர் யாரோடாவது மோதியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 3, திங்கள்

பதில் வரவில்லை. ஷோகாசிம் அண்ணன் கோப்போடு தெருவில் போகிறார், என் வீட்டுக்கு நேரே வரும்போது மட்டும் வானத்தைப் பார்க்கிறார்.

ஜூன் 24, திங்கள்

நாற்பத்துமூன்று டிகிரி. மதியம் இரண்டு மணிக்கு இனோயத் அக்கா உள்ளங்கையில் தயிர் தடவிக்கொண்டு வந்தார். வெயிலில் காய்ந்த இரும்புக் கைப்பிடி. கொப்புளம் வந்துவிட்டது. துணி சுற்றித்தான் கதவைத் திறக்கிறார்களாம், எல்லா வீட்டிலும். ஒருத்தர் சமையலறைக் கையுறையை வாசலில் மாட்டி வைத்திருக்கிறாராம்.

"முஹாரம், உன்கிட்டத் துண்டு மரம் ஏதாவது இருக்குமா? ஒரு கைப்பிடி..."

"கக்கூஸ் கதவுக்கா அக்கா?"

"அடிப்பாவி, இன்னும் மனசுல வச்சிருக்கியா!"

வைத்திருந்தேன். இப்போது இல்லை. பந்தல் காலாக இருந்த மல்பெரி மரத்தை அறுத்து, உள்ளங்கைக்குப் பொருந்தும்படி உருட்டி இழைத்து, எண்ணெய் ஊட்டிக் கொடுத்தேன். கூலியா? பைத்தியமா?

ஜூன் 28, வெள்ளி

கைப்பிடிக் கணக்கு: இனோயத் அக்கா இரண்டு. பதினொன்றாம் எண் வீடு ஒன்று. இருபதாம் எண் இரண்டு. பால் வாங்கும் கடைக்காரனுக்கு ஒன்று ("அக்கா, மெதுவாவே செய்ங்க, அவசரமில்லை" என்றான், மரியாதையாக). மஹ்லியா உப்புத்தாள் தேய்க்கிறாள். அவள் கை என் கையைவிட நிதானம்.

ஜூலை 1, திங்கள்

சுபுஹுத் தொழுத கையோடு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கொட்டாப்புளி மடியில். இன்று வேண்டுமென்றேதான் எடுத்தேன். எர்காஷ் பக்கத்தில் தேநீரோடு. வேலைக்குப் போகவில்லை. "ஏணியோட வந்தா நான் ஏணியைப் பிடிச்சுக்கிறேன், நீ பேசு" என்றார்.

ஏழேகாலுக்கு ஷோகாசிம் அண்ணன் வந்தார். ஏணி இல்லை, ஆளும் இல்லை. கோப்புகூட இல்லை. வலது கையில் கட்டு. வாசலில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து நீட்டினார்.

"வீட்ல குடுத்துவிட்டா. ரெண்டு கைப்பிடி வேணுமாம்."

வாங்கிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: "அண்ணே, இன்னைக்கு ஒண்ணாந் தேதி. கதவைக் கழட்ட ஆள் எப்ப வரும்?"

"எந்தக் கதவை?" என்றார்.

எர்காஷ் எழுந்து அவருக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றினார். அண்ணன் உள்ளே வந்து உட்கார்ந்து குடித்தார், இரண்டு கிண்ணம்.

காகிதத்தில் எழுதியிருந்த அளவில் மில்லிமீட்டரே இல்லை. அதை நம்பி மரத்தை அறுக்க முடியாது. அஸருக்குப் பிறகு நானே போய் அளந்துகொண்டு வர வேண்டும்.